வீட்டு நெட்டைத் தோப்புக்குக் கொண்டுபோவது எப்படி: காற்றில் 3 கிலோமீட்டர் லைன்

தோப்பில் கேமரா மாட்ட வேண்டும். ஃபைபர் வீடு வரைக்கும்தான் வந்திருக்கிறது. நடுவில் மூன்று கிலோமீட்டருக்கு வயலும் வாழையும். கேபிள் இழுப்பதா, சிம் போட்ட ரவுட்டர் வாங்குவதா, இல்லை டிஷ் வைத்துக் காற்றிலேயே கொண்டுபோவதா? சின்னமனூர்ப் பக்கம் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது இதைத்தான். நான் கேபிள் டிவிக்காரன். பன்னிரண்டு அடி டிஷ்ஷைத் தோளில் முட்டுக் கொடுத்துத் திருப்பிப் பழகி, அப்புறம் நெட் வேலைக்கு வந்தவன். கேட்டவர்களுக்கெல்லாம் வாயால் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கேபிளை முதலிலேயே விட்டுவிடலாம். மூன்று கிலோமீட்டர் ஃபைபர் இழுத்தால் எத்தனை பேர் வரப்பைத் தாண்ட வேண்டும், எத்தனை பேரிடம் கேட்க வேண்டும், எலியும் டிராக்டரும் எத்தனை முறை அறுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிம் ரவுட்டர் நல்ல வழிதான். தோப்பில் மொபைல் சிக்னல் நன்றாக இருந்தால் அதையே போடுங்கள், இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை. மோட்டாரை ஆன், ஆஃப் செய்வது மட்டும்தான் வேலை என்றாலும் தேவையில்லை. மொபைல் ஸ்டார்ட்டரோ, சின்னச் சேதியை மட்டும் தூரத்துக்கு அனுப்பும் 865 மெகாஹெர்ட்ஸ் லோரா கருவியோ போதும். கேமராப் படம் நாள் முழுக்க ஓட வேண்டும், டேட்டா தீரக் கூடாது, தோப்பிலோ நெட் ஓடுகிற அளவுக்கு டவர் எடுப்பதில்லை. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இது.

வாங்க வேண்டியது அதிகமில்லை. வெளியில் மாட்டுகிற 5 கிகாஹெர்ட்ஸ் டிஷ் ரேடியோ இரண்டு. யூபிக்விட்டி, மைக்ரோடிக், டிபி-லிங்க் எல்லாமே இந்த வகையில் செய்கிறார்கள். ஆண்டெனா கெயின், அதாவது அலையை ஒரு திசைக்குக் குவிக்கும் திறன், 23 டிபிஐ (டெசிபலில் சொல்லும் அளவு) பக்கம் இருக்கட்டும். வெயில் தாங்கும் கேட்-6 கேபிள், ஜி.ஐ. பைப், யூ போல்ட், ஸ்டே கம்பி, எர்த் கம்பி. ரெண்டு ரேடியோவும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருப்பது நல்லது.

கடையில் ‘அதிக பவர், பத்துக் கிலோமீட்டர் பாயும்’ என்று சொல்லி விலை கூடியதை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். அந்தக் காசைப் பைப்பில் போடுங்கள். இந்த வேலையில் பவரை விட உயரம்தான் பேசும். ஏன் என்று சொல்கிறேன்.

அலை எப்படிச் சுமக்கிறது

இந்தப் பகுதியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். கம்பத்தை எங்கே நடுவது என்பதே இதிலிருந்துதான் வரும்.

ஆண்டெனாவில் உள்ள சின்ன உலோகத் துண்டில் மின்னோட்டத்தை முன்னும் பின்னும் ஆட்டினால், அதைச் சுற்றியுள்ள மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து ஆடும். அந்த ஆட்டம் அங்கேயே நிற்பதில்லை. வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வெளியே கிளம்பிவிடும். எதிர்முனையில் இருக்கும் உலோகத்தைத் தொட்டதும் அதிலுள்ள எலக்ட்ரான்களை அதே தாளத்தில் ஆட்டும். இதற்கு நடுவில் காற்றுகூட வேண்டியதில்லை, வெற்றிடத்திலும் போகும். நம் 3 கிலோமீட்டரைக் கடக்க ஒரு வினாடியில் லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 10 மைக்ரோ வினாடி ஆகும்.

ஒரு வினாடிக்கு எத்தனை ஆட்டம் என்பது அதிர்வெண். திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸ். வினாடிக்கு 9 லட்சத்து 36 ஆயிரம் முறை. அதன் ஓர் அலையின் நீளம் 320 மீட்டர். கோடைப் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸ், அலை நீளம் 3 மீட்டர். நாம் மாட்டப்போகும் டிஷ் 5.8 கிகாஹெர்ட்ஸ். வினாடிக்கு 580 கோடி ஆட்டம், அலை நீளம் வெறும் 5.2 சென்டிமீட்டர். மூன்றும் ஒரே குடும்பம்தான். சுமார் 1 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே போனால் மைக்ரோவேவ் என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். 300 மெகாஹெர்ட்ஸிலிருந்தே அப்படிச் சொல்கிறவர்களும் உண்டு.

பெயரை விடுங்கள், குணம் முக்கியம். நீள அலை தரையை ஒட்டி வளைந்து போகும். ராத்திரியில் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பியும் வரும். அந்தக் காலத்தில் இலங்கை வானொலி நம் ஊரில் இருட்டியதும் தெளிவாகக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம். குட்டி அலை அப்படி வளையாது. நேராகப் போகும், இடையில் எது வந்தாலும் முட்டிக்கொள்ளும். பதிலுக்கு அது தரும் வசதி, சின்ன டிஷ்ஷிலேயே அதைக் குவித்து ஒரு திசைக்கு அனுப்பலாம். ஓர் அலையைக் கூர்மையாகக் குவிக்க டிஷ்ஷின் விட்டம் அலை நீளத்தைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும். 5 சென்டிமீட்டர் அலைக்கு 36 சென்டிமீட்டர் டிஷ் போதும். திருச்சி வானொலி அலைக்கு இதே கூர்மை வேண்டுமென்றால் 2 கிலோமீட்டருக்கு மேல் விட்டமுள்ள டிஷ் கட்ட வேண்டும்.

மைக்ரோவேவின் இந்தக் குணத்தை முதலில் கையாண்டவர்களில் நம் நாட்டுக்காரர் ஒருவர் முக்கியமானவர். ஜகதீஷ் சந்திர போஸ் 1895-இல் கல்கத்தாவில் மில்லிமீட்டர் அளவுள்ள அலைகளை அனுப்பித் தூரத்தில் மணியடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்றவும் வைத்தார். கம்பி எதுவும் இல்லாமல்.

சரி, வெறும் ஆட்டம் சேதியைச் சுமப்பது எப்படி? ஆட்டத்தை ஏதாவது ஒரு விதத்தில் மாற்றினால்தான் சேதி. திருச்சி வானொலி அலையின் உயரத்தைக் குரலுக்கேற்பக் கூட்டிக் குறைக்கிறது. கோடைப் பண்பலை உயரத்தைத் தொடுவதில்லை, அதிர்வெண்ணை லேசாக அசைக்கிறது. இடி மின்னல் வந்தால் மத்திய அலையில் கரகரவென்று கேட்பதும் பண்பலை அமைதியாக இருப்பதும் இதனால்தான். மின்னல் கெடுப்பது பெரும்பாலும் உயரத்தை. நம் டிஷ் ரேடியோ அலையின் உயரத்தையும் அது எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்பதையும் சேர்த்து மாற்றுகிறது. இரண்டையும் கலந்து 64 விதமான நிலைகள் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு நிலையும் 6 பிட் சுமக்கும். 256 நிலை என்றால் 8 பிட். கருவியின் திரையில் 64-க்வாம், 256-க்வாம் என்று காட்டுவது இதைத்தான்.

நிலைகள் கூடக் கூட ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் சிறிதாகிவிடும். சிக்னல் பலமாகவும் இரைச்சல் குறைவாகவும் இருந்தால்தான் எதிர்முனைக்கு அடையாளம் தெரியும். தெரியவில்லை என்றால் கருவி தானே 16-க்கும் 4-க்கும் இறங்கிவிடும். லைன் அறுந்திருக்காது, ஆனால் கேமராப் படம் நின்று நின்று வரும். ‘ஃபுல் சிக்னல் காட்டுது, ஆனா ஓட மாட்டேங்குதுண்ணே’ என்று வரும் போனில் பெரும்பாலும் இதுதான் விஷயம்.

கண்ணுக்குத் தெரிந்தால் போதாது

மொட்டை மாடியில் ஏறி, ‘அதோ தோப்புத் தெரியுது, லைன் எடுத்துடும்’ என்பார்கள். தெரிவது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது.

இரண்டு டிஷ்ஷுக்கும் இடையில் அலை ஒரு நூல் கோட்டில் போவதில்லை. நடுவில் பருத்து இரண்டு முனையிலும் ஒடுங்கிய கோவைக்காய் வடிவத்தில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு போகிறது. ஃபிரெனல் மண்டலம் என்று பெயர். அதற்குள் மரமோ கட்டடமோ நுழைந்தால், நடுக்கோடு திறந்திருந்தாலும் சிக்னல் விழும். முழு ஆரத்தில் 60 சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும் என்பது தொழிலில் பழகிய கணக்கு.

அந்த ஆரத்தைக் கண்டுபிடிக்க: தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து, கிகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணின் நான்கு மடங்கால் வகுங்கள். வந்ததற்கு வர்க்கமூலம் எடுத்து 17.3-ஆல் பெருக்குங்கள். நடுப்பாதையில் உள்ள ஆரம் மீட்டரில் கிடைக்கும். நம் 3 கிலோமீட்டருக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸில் 6.2 மீட்டர். அதில் 60 சதவீதம் 3.7 மீட்டர். இதையே 2.4 கிகாஹெர்ட்ஸில் போட்டால் ஆரம் 9.7 மீட்டர் ஆகிவிடும். தூரத்துக்கு 2.4 நல்லது என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது ஒரு நிஜமான இடத்தை எடுத்துக்கொள்வோம். வீடு இரண்டு மாடி, தளம் 9 மீட்டர் உயரம். அதில் 3 மீட்டர் பைப் வைத்தால் டிஷ் 12 மீட்டரில். தோப்பில் 20 அடிப் பைப், அதாவது 6 மீட்டர். நடுவில் கோடு 9 மீட்டர் உயரத்தில் போகும். கீழே 4 மீட்டர் வாழை. அதற்கு மேல் 3.7 மீட்டர் காலியிடம் வேண்டும், மொத்தம் 7.7. கோடு 9 மீட்டரில் இருப்பதால் தப்பித்தோம். வாழைக்குப் பதில் அங்கே 60 அடித் தென்னை நின்றிருந்தால் எவ்வளவு பவர் போட்டாலும் வேலைக்காகாது. இலையில் இருக்கிற தண்ணீர் இந்த அலையை நன்றாகக் குடிக்கும். மழையில் நனைந்த ஓலை இன்னும் மோசம். மழைத்துளி இந்த அதிர்வெண்ணில் பெரிய எதிரி இல்லை. மழைக்கு டிடிஹெச் படம் மறைவது, அது 11, 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுவதால்.

தென்னை பெரும்பாலும் நடுவில் இருக்காது. தோப்பிலேயேதான் இருக்கும். இங்கேதான் நிறையப் பேர் கம்பத்தைத் தப்பான இடத்தில் நடுகிறார்கள். மோட்டார் ரூமில் கரண்ட் இருக்கிறது, ஆகவே டிஷ்ஷும் மோட்டார் ரூம் மேலே என்று முடிவு செய்துவிடுவார்கள். மோட்டார் ரூம் தோப்பின் நட்ட நடுவில் இருக்கும். சுற்றிலும் மட்டை.

கோவைக்காயின் முனை ஒடுக்கமானது என்பதை இங்கே பயன்படுத்திக்கொள்ளுங்கள். நம் லைனில் டிஷ்ஷிலிருந்து 100 மீட்டர் தள்ளி அந்த மண்டலத்தின் ஆரம் 2.2 மீட்டர்தான், 60 சதவீதம் என்றால் 1.3 மீட்டர். ஆகவே கம்பத்தைத் தோப்பின் ஓரத்துக்கு, வீட்டைப் பார்த்த வரப்புக்குக் கொண்டு வந்துவிட்டால் முன்னால் இருக்கும் வாழையோ வேலியோ தொல்லை தராது. முதல் வரிசைத் தென்னைக்கு வெளியே நடுங்கள். அங்கிருந்து மோட்டார் ரூமுக்குக் கேட்-6 கேபிளை மண்ணுக்கடியில் குழாய்க்குள் கொண்டுபோங்கள். 100 மீட்டர் வரைக்கும் அந்தக் கேபிள் தாங்கும். கரண்டும் அதே கேபிளிலேயே போகும்.

வரைபடத்தில் பார்க்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் போட்டு இரண்டு முனைக்கும் கோடு இழுத்தால் தரையின் ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டும். மரத்தைக் காட்டாது, அதற்கு வண்டியை எடுத்துக்கொண்டு பாதை நெடுக ஒருமுறை போய் வருவது தவிர வேறு வழியில்லை. போகும்போது நட்டு ஒரு வருடமான தென்னங்கன்று கண்ணில் பட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பூமியின் வளைவு பற்றிக் கேட்பார்கள். 3 கிலோமீட்டருக்கு அது சுமார் 13 சென்டிமீட்டர், விட்டுவிடலாம்.

உயரத்தின் மகிமை தெரிய வேண்டுமானால் கோடைப் பண்பலையைப் பாருங்கள். கொடைக்கானல் மலையில், 2000 மீட்டருக்கும் மேலே நிற்கிற ஆண்டெனா அது. அந்த உயரத்திலிருந்து ரேடியோ அலைக்கு அடிவானம் கணக்குப்படி 180 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதே டிரான்ஸ்மிட்டரைச் சமவெளியில் ஒரு கம்பத்தில் வைத்திருந்தால் தென் மாவட்டங்கள் பாதிக்குக் கேட்டிருக்காது.

வயல் பக்கம் இன்னொரு விஷயம் உண்டு. நடவுக்காகத் தண்ணீர் கட்டியதும் நன்றாக ஓடின லைன் தள்ளாடும். தேங்கிய தண்ணீர் அலையைத் திருப்பி அனுப்புகிறது. நேராக வந்த அலையும் தண்ணீரில் பட்டு வந்த அலையும் எதிரெதிர்க் கட்டத்தில் சந்தித்தால் ஒன்றையொன்று அழிக்கும். பாதை இரண்டரை சென்டிமீட்டர், அதாவது அரை அலை மாறினாலே ஒன்றுக்கொன்று பலம் சேர்ப்பது அழிப்பதாக மாறிவிடும். ஒரு முனையின் டிஷ்ஷை மட்டும் அரை மீட்டர், ஒரு மீட்டர் ஏற்றியோ இறக்கியோ பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பைப்பில் அதற்கு இடம் விட்டு வையுங்கள்.

காசு கொடுக்கும் முன் ஒரு கணக்கு

அலை பரவிப் பரவிப் போவதால் எதிர்முனைக்குக் கிடைப்பது மிகச் சிறிய பங்கு. எவ்வளவு இழக்கிறோம் என்பதற்கு பெல் ஆய்வகத்தில் இருந்த ஹரால்டு ஃபிரிஸ் 1946-இல் வெளியிட்ட சூத்திரத்தைத்தான் இன்றும் போடுகிறோம். டெசிபலில் சொன்னால்: 32.4, அதோடு கிலோமீட்டரில் உள்ள தூரத்தின் லாக்கைப் (மடக்கை) போல 20 மடங்கு, அதோடு மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணின் லாக்கைப் போல 20 மடங்கு. 3 கிலோமீட்டர், 5800 மெகாஹெர்ட்ஸ் போட்டால் 32.4, 9.5, 75.3 மூன்றும் சேர்ந்து 117 டெசிபல். தூரம் இரட்டித்தால் இன்னொரு 6 டெசிபல் போகும். டெசிபல் பழகாதவர்கள் இரண்டை மட்டும் நினைவில் வையுங்கள்: 3 டெசிபல் என்றால் இரண்டு மடங்கு, 10 என்றால் பத்து மடங்கு.

நம் நாட்டில் 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். 2018-இல் வந்த அரசு அறிவிக்கை 5 கிகாஹெர்ட்ஸில் மற்ற சில பகுதிகளையும் சேர்த்துத் திறந்துவிட்டது. ஆனால் ஆண்டெனா குவித்த பிறகு வெளியே போகும் பலம் 36 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்வது), அதாவது 4 வாட்டைத் தாண்டக் கூடாது. 23 டிபிஐ டிஷ் என்றால் ரேடியோவின் பவரை 13 டிபிஎம்முக்கு மேல் வைக்க முடியாது. 13 டிபிஎம் என்பது 20 மில்லிவாட். பெரிய பவர் ரேடியோவுக்குக் காசு கொடுத்தால் அந்தப் பவர் பெட்டிக்குள் சும்மா தூங்கும்.

மொத்தக் கணக்கு இப்படி வரும்: அனுப்புவது 13, அனுப்பும் டிஷ் 23, வழியில் போவது 117, வாங்கும் டிஷ் 23. கூட்டிக் கழித்தால் மைனஸ் 58 டிபிஎம். ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒன்றரைப் பங்கு. இவ்வளவு சின்ன சக்தியில் கேமரா ஓடுமா என்று கேட்காதீர்கள், தாராளமாக ஓடும். ஊர்ப்புறத்தில் இரைச்சல் மைனஸ் 90 பக்கம் இருந்தால் சிக்னல் அதற்கு 32 டெசிபல் மேலே நிற்கிறது. 64-க்வாம் நிம்மதியாக வரும், 256-உம் எட்டும்.

இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிஷ்ஷை மாட்டிய பிறகு மைனஸ் 58-லிருந்து 3, 4 டெசிபல் முன்னே பின்னே இருந்தால் வேலை சரி. மைனஸ் 70 காட்டினால் ஏதோ ஒரு தப்பு இருக்கிறது, ‘ஓடுதுல்ல, விடுங்க’ என்று இறங்கிவிடாதீர்கள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர், ‘இது உடம்புக்குக் கெடுதலா தம்பி?’ என்று கேட்பார். 20 மில்லிவாட் என்று சொல்லுங்கள். பழைய 2ஜி போன் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 2 வாட் வரை விட்டது. அவருக்கும் நெட் பிரித்துக் கொடுத்துக் காசு வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு: அது வேறு லைசென்ஸ் விவகாரம், வேண்டாம்.

மாட்டுவது

ஆடிக் காற்று கம்பம் கணவாய் வழியாக எப்படி இறங்கும் என்று நம் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலைகளை இங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. பைப் இரண்டு இன்ச் குறையாமல் இருக்கட்டும், மூன்று பக்கம் ஸ்டே கம்பி கட்டுங்கள். கம்பி வலை டிஷ் கிடைத்தால் அதை எடுங்கள், காற்றைப் பிடிக்காது. தென்னை மரத்திலேயே டிஷ்ஷைக் கட்டச் சொல்வார்கள். காற்றில் மரம் ஆடும், கூடவே முறுக்கும், யூ போல்ட் நெகிழும். நான் அந்த வேலையை எடுப்பதில்லை.

ஈ.பி. கம்பி பக்கத்தில் போகிறதா என்று நாலா பக்கமும் பாருங்கள். பைப் சாய்ந்து விழுந்தாலும் கம்பியைத் தொடாத தூரத்தில் இருக்க வேண்டும். பைப்பையும் கேபிளின் கவசத்தையும் தனி எர்த்தில் இறக்குங்கள். கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் இடிதாங்கிப் பெட்டி வையுங்கள். நேரடி மின்னலுக்கு எதுவும் நிற்காது. பக்கத்தில் விழுகிற மின்னலுக்குத்தான் இதெல்லாம்.

நெட் கேபிளிலேயே கரண்டையும் அனுப்பும் பி.ஓ.இ. அடாப்டர் டிஷ்ஷோடு வரும், அதையே போடுங்கள். 24 வோல்ட் கேட்கும் கருவியில் கையில் கிடைத்த 48 வோல்ட்டைச் செருகினால் போர்டு போய்விடும். கேபிள் டிஷ்ஷுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், மழைத்தண்ணீர் வளைவில் சொட்டிவிடும்.

இரண்டு டிஷ்ஷும் ஒரே நிலையில், நேராக நிற்க வேண்டும். அலைக்கு ஆடும் திசை உண்டு. நின்றவாக்கில் ஆடுவதைப் படுத்தவாக்கில் உள்ள ஆண்டெனா சரியாக வாங்காது, 20 டெசிபல்கூடப் போய்விடும். நம் ரேடியோக்கள் அந்த இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு தகவலை அனுப்பி வேகத்தை இரட்டிப்பாக்குகின்றன. ஒரு டிஷ் சாய்ந்திருந்தால் இரண்டும் கலங்கிவிடும்.

செட்டிங்

மேலே ஏற்றும் முன் இரண்டையும் மேசையில் வைத்துச் சேர்த்துவிடுங்கள். நாடு இந்தியா. ஆண்டெனா கெயின் 23. பவர் மேசையில் இருக்கும்வரை மிகக் குறைவாக, மேலே போனதும் 13. பாஸ்வேர்டு கட்டாயம். தூரம் என்ற இடத்தில் ஆட்டோ அல்லது 3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அனுப்பியதற்குப் பதில் வர எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று கருவி அதிலிருந்துதான் முடிவு செய்கிறது.

சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். எல்லோரும் 80-ஐப் போடத் துடிப்பார்கள். அகலத்தை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் 3 டெசிபல் கூட உள்ளே வரும், அடுத்தவர் லைனோடும் மோதும். நாலு கேமராவுக்கு, ஒன்றுக்கு வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் வைத்தாலும் 8 மெகாபிட்தான். 20 மெகாஹெர்ட்ஸில் அதைப் போலப் பல மடங்கு போகும்.

எந்தச் சேனல் என்பதை டிஷ் மேலே ஏறிய பிறகு ஸ்கேன் செய்து முடிவு செய்யுங்கள், இரண்டு முனையிலும். வீட்டு முனையில் அமைதியாக இருப்பது தோப்பு முனையில் இரைச்சலாக இருக்கலாம். 5250 முதல் 5350, 5470 முதல் 5725 வரை ரேடாரும் பயன்படுத்தும் பகுதி. அங்கே வைத்தால் ரேடார் கேட்டதாக நினைத்த நேரத்தில் கருவி சேனலைக் காலி செய்துவிட்டு, வேறொன்றில் ஒரு நிமிடமாவது கேட்டுப் பார்த்த பிறகுதான் திரும்ப வரும். திருட்டுக்காகக் கேமரா வைத்தவருக்கு அந்த ஒரு நிமிடம் பிடிக்காது.

குறி வைப்பது

ஒவ்வொரு முனையிலும் ஓர் ஆள், கையில் போன். பகலில் கண்ணால் பார்த்தே இரண்டையும் முகத்துக்கு முகம் திருப்புங்கள். இந்த டிஷ்ஷின் கற்றை சுமார் 10 டிகிரி அகலம், 3 கிலோமீட்டரில் அது 500 மீட்டர் பரந்துவிடும். ஆகவே லைன் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் கொண்டாடாதீர்கள். பிரதான கற்றைக்கு இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கற்றைகள் உண்டு, அதில் ஒட்டிக்கொண்டு மைனஸ் 75 காட்டும்.

வீட்டு டிஷ்ஷை அசைக்காமல் வைத்து, தோப்பு டிஷ்ஷை இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்புங்கள். ஒவ்வோர் அசைவுக்கும் சில வினாடி நில்லுங்கள், திரையில் எண் தாமதமாகத்தான் மாறும். உச்சம் வந்ததும் நிறுத்தாமல் தாண்டிப் போங்கள். இடப்பக்கம் 3 டெசிபல் விழும் இடத்தையும் வலப்பக்கம் 3 டெசிபல் விழும் இடத்தையும் பென்சிலால் பைப்பில் குறியுங்கள். இரண்டுக்கும் நடுதான் உண்மையான உச்சம். அடுத்து மேலும் கீழும் அதே மாதிரி. அப்புறம் தோப்பு முனையை இறுக்கிவிட்டு வீட்டு முனையில் இதே வேலை. போல்ட்டை இறுக்கும்போது எண்ணைப் பார்த்துக்கொண்டே இறுக்குங்கள். கடைசிச் சுற்றில் டிஷ் அரை டிகிரி நகர்வது சகஜம்.

திரையில் இரண்டு சிக்னல் எண் காட்டும், நின்றவாக்கு ஒன்று, படுத்தவாக்கு ஒன்று. இரண்டுக்கும் 5 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒன்று டிஷ் சாய்ந்திருக்கிறது, அல்லது ஃபிரெனல் மண்டலத்துக்குள் ஏதோ மூக்கை நீட்டுகிறது.

பின்னால் பழுது வந்தால்

கடைசியில் கிடைத்த சிக்னல் எண்ணையும் தேதியையும் மோட்டார் ரூம் சுவரில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். நான் போகிற இடத்திலெல்லாம் அப்படித்தான் செய்கிறேன். ஆறு மாதம் கழித்து லைன் மெதுவாகிவிட்டது என்றால் அந்த எண்ணோடு ஒப்பிட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

எண் மாறவில்லை, வேகம் மட்டும் குறைந்தது என்றால் இரைச்சல். பக்கத்தில் யாரோ புது லைன் போட்டிருக்கிறார்கள், சேனலை மாற்றுங்கள். எண் திடீரென்று 10 டெசிபல் விழுந்தால் டிஷ் திரும்பியிருக்கிறது, ஆடிக்குப் பிறகு இது அதிகம் வரும். லைன் அறுந்து அறுந்து ஒட்டினால் முதலில் கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள், தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கும். டிஷ்ஷின் குவியத்தில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், மண் கூடு ஈரமானால் நிறையவே குடிக்கும். கைவைக்கும் முன் குளவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

எல்லாம் சரியாக இருந்தும் எண் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிறது என்றால் வண்டியை எடுத்துப் பாதை நெடுகப் போய்ப் பாருங்கள். வாழை வெட்டிவிட்டு யாராவது சவுக்கோ தென்னையோ வைத்திருப்பார்கள். தென்னை என்றால் இன்னும் சில வருடம் கையில் இருக்கிறது. சவுக்கு என்றால் இந்த வருடமே பைப்பை உயர்த்துங்கள்.